மஞ்சள் உடைக்கு ஆள் தேவை

1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில் புரூஸ் லீ இறந்தபோது அவருக்கு வயது 32. ‘எண்டர் தி டிராகன்’ அப்போது இன்னும் திரைக்கு வரவில்லை. அதற்கும் முந்தைய ஆண்டு அவரே இயக்கி, நடித்து, பாதியில் நிறுத்திவைத்த ‘கேம் ஆஃப் டெத்’தின் படச்சுருள்கள் கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்திடம் இருந்தன. நாயகன் இல்லை. ஆனால் உலகம் முழுக்க அவர் முகத்துக்குக் கூட்டம் காத்திருந்தது.

ஜஸ்டின் லின் இயக்கி 2007இல் வந்த ‘ஃபினிஷிங் தி கேம்’ இந்த இடத்தில்தான் கதையைப் பிடிக்கிறது. மிச்சப் படத்தை முடிக்க ஒரு படக் கம்பெனி புதிய புரூஸ் லீயைத் தேடுகிறது. ஆடிஷனுக்கு வருகிறவர்களை ஓர் ஆவணப்படக் குழு பின்தொடர்கிறது. நாம் பார்ப்பது அந்தப் போலி ஆவணப்படம். சண்டைப் படம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அறைக்கு வெளியே நாற்காலியில், கையில் புகைப்படத்தோடு, தன் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்று காத்திருக்கும் மனிதர்களின் படம் இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

ஆனால் இந்த நையாண்டியின் கூர்மை முழுதாகப் புரிய, நிஜத்தில் ‘கேம் ஆஃப் டெத்’ எப்படி முடிக்கப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். கற்பனையில் நடக்கும் அபத்தத்தைவிட உண்மையில் நடந்தது பெரிது.

லீ 1972இல் படமாக்கியது பெரும்பாலும் உச்சக்கட்டச் சண்டைகளை. கொரியாவின் போப்ஜூசா பௌத்த ஆலயத்தில் உள்ள ஐந்தடுக்கு மரக்கோபுரத்தை மனதில் வைத்து எழுதிய கதை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு காவலன், ஒவ்வொருவனுக்கும் ஒரு பாணி. ஒரு தளத்தில் டான் இனோசான்டோ, கையில் பிலிப்பைன்ஸ் கோல்களும், சங்கிலியால் இணைத்த இரட்டைக் கோலான நுஞ்சாக்குவும். அடுத்ததில் ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் ஆசான் ஜி ஹான்-ஜே. உச்சியில் 218 செ.மீ. உயரத்தில் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பார். லீ அணிந்தது கறுப்புக் கோடு போட்ட அந்த மஞ்சள் உடை. எந்தப் பள்ளிக்கும் எந்த மரபுக்கும் கட்டுப்படாதவன் என்பதைக் காட்டும் உடை அது. அவரோடு ஜேம்ஸ் டியன், சியே யுவான் இருவரும் துணையாக மாடி ஏறுகிறார்கள். வீணான டேக்குகளையும் சேர்த்தால் 100 நிமிடங்களுக்கு மேல் எடுத்திருந்தார். வார்னர் பிரதர்ஸ் ‘எண்டர் தி டிராகன்’ வாய்ப்போடு வந்ததும் இதை நிறுத்திவைத்துவிட்டுப் போனார்.

1978இல் வெளியான படத்தில் அந்தச் சுருள்களிலிருந்து பயன்பட்டது ஏறக்குறைய 11 நிமிடம்தான். இவ்வளவு குறையக் காரணம் திரைக்கதை. கோல்டன் ஹார்வெஸ்ட்டும் இயக்குநர் ராபர்ட் க்ளவுஸும் புதிதாக ஒரு கதையைப் பின்னினார்கள். பில்லி லோ என்ற சினிமா நடிகன், அவனை மிரட்டும் குற்றக் கும்பல், தனி ஆளாகப் பழிவாங்கல். தனி ஆள் என்று ஆனவுடன், துணைக்கு வந்த இருவரும் தெரிகிற ஷாட்கள் எதற்கும் ஆகாமல் போயின. ஐந்தடுக்குக் கோபுரம் உணவகத்தின் மாடியாகச் சுருங்கியது. ஏன் ஏறுகிறான் என்ற காரணமும், ஏறும்போது அவன் கற்றுக்கொள்வதும் உதிர்ந்து, அடிதடி மட்டும் மிஞ்சியது.

நாயகன் இல்லாமல் நாயகன் படத்தை எடுக்கும் வேலை முதலில் கணக்கெடுப்பில் தொடங்கும். கையில் இருக்கும் ஒவ்வொரு ஷாட்டிலும் அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார், ஒளி எங்கிருந்து விழுகிறது, என்ன உடை, முடி எவ்வளவு நீளம், வியர்வை இருக்கிறதா, முகத்தில் என்ன உணர்ச்சி என்று எல்லாம் குறிக்க வேண்டும். கோபமாக இடப்பக்கம் பார்க்கும் ஒரு க்ளோஸ்-அப் இருந்தால், எதிராளியை அதற்கு ஏற்ற இடத்தில் நிறுத்தி, அதே உயரத்தில் கேமராவை வைத்து, அதே மாதிரி லென்ஸில் எடுக்க வேண்டும். பார்வைக் கோடு சிறிது பிசகினாலும் இருவரும் வெவ்வேறு அறையில் நிற்பது போலத் தோன்றும். அடுத்தது, முகத்தை மறைக்கக் கதையில் காரணம் தேடுவது. கடைசியாக டூப். முதுகு, தோள், பிடரி, நடை இவை நான்கும் பொருந்தினால் லாங் ஷாட்டில் ஒப்பேற்றிவிடலாம்.

ஹாங்காங் படங்களுக்கு அப்போது ஒரு வசதி இருந்தது. படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்யாமல், எல்லாவற்றையும் பிற்பாடு டப்பிங்கில் சேர்ப்பதுதான் வழக்கம். குரல் பிரச்சினை ஆகாததால் முகமும் உடம்பும் கிடைத்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

முகத்தை மறைக்க அவர்கள் கண்டுபிடித்த வழிகள்: பெரிய கறுப்புக் கண்ணாடி, ஒட்டுத்தாடி, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், இருட்டு, முதுகு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கதையின் நடுவிலேயே ஒரு அறுவைச் சிகிச்சை. லீயின் முந்தைய படமான ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யின் புகழ்பெற்ற கடைசிப் பாய்ச்சலை பில்லி லோ நடிக்கும் காட்சியாக வைத்து, அந்தப் படப்பிடிப்பில் போலித் தோட்டாவுக்குப் பதில் நிஜத் தோட்டா சுடப்பட்டு அவன் முகத்தில் பாய்வதாக எழுதினார்கள். கட்டுப் போட்ட முகம் யாருடையதாகவும் இருக்கலாம் அல்லவா! பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1993 மார்ச் 31 அன்று, லீயின் மகன் பிராண்டன் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் துப்பாக்கிக் காட்சியின்போது குண்டு பாய்ந்து இறந்தார். அதை அறிந்த பிறகு இந்தக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

எங்கே சொதப்பியது என்றால், முதலில் முகத்தில். உடை மாற்றும் அறையில் பில்லி லோ கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும் ஷாட்டில் டூப்பின் பிம்பத்துக்கு மேல் லீயின் அசையாத புகைப்பட முகம் ஒட்டியிருக்கும். கழுத்து அசைகிறது, தலை அசைவதில்லை. உறைந்த நிலையில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஓடும்போதே தெரியும். பழைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய க்ளோஸ்-அப்களில் சட்டைக் காலரும் பின்னணியும் முடியின் நீளமும் நொடிக்கு நொடி மாறுகின்றன. போதாததற்கு, வெளியான படத்திலிருந்து எடுத்த துண்டை மறுபடி நகலெடுக்கும்போது க்ரெயின் எனும் பொடிப்புள்ளிகள் தடிக்கும், கறுப்பும் வெளுப்பும் கடுமையாகும். பக்கத்தில் புத்தம்புது நெகட்டிவில் எடுத்த ஷாட் வரும்போது கண் உடனே பிடித்துவிடும்.

அதைவிடப் பெரிய தோல்வி அசைவில். லீ வலிமையான வலக்கையையும் வலக்காலையும் முன்னால் வைத்து நிற்பவர். அடி கிளம்பும் தூரத்தைக் குறைக்கும் ஏற்பாடு அது. அவர் உருவாக்கிய ஜீத் குனே டோ என்ற சண்டை முறையின் அடிப்படையே அதுதான். அடித்த பிறகு உடனே தளர மாட்டார். கையோடு முகமும் இறுகி, நடுங்கி, அடி போய்ச் சேர்ந்தது என்பதை நமக்கு உணர்த்திய பிறகே விடுவார். டூப்பாக நடித்த கிம் டாய்-சுங் கொரியாவில் டேக்வாண்டோ கற்றவர். உயரமாக, அழகாக உதைப்பார். அவருடைய உதை அவருடையது. குட்டிக்கரணங்களுக்கு யுவென் பியாவ். ஒரே சண்டையில் ஓர் உதைக்கு ஒருவர், ஒரு பல்டிக்கு இன்னொருவர், முறைப்பதற்குப் பழைய படத்து லீ. மூன்று உடம்புகளின் தாளம் ஒன்றாகச் சேரவில்லை. சண்டை இயக்குநர் சம்மோ ஹங் அந்தக் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அவராலும் ஒட்டுப் போடத்தான் முடிந்தது.

கடைசிச் சண்டைகளில் நிஜ லீ மஞ்சள் உடையில் வந்து நிற்கும் கணத்தில், அதுவரை பார்த்தது என்ன என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். படத்தின் துடிப்பே மாறிவிடுகிறது.

இதில் மன்னிக்க முடியாதது என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. பில்லி லோ இறந்ததாக ஊரை நம்பவைக்கும் இடத்தில், லீயின் நிஜ இறுதிச் சடங்கின் காட்சிகளைப் போட்டிருக்கிறார்கள். ஹாங்காங் தெருக்களில் திரண்ட கூட்டம், சவப்பெட்டியில் அவர் முகம் வரைக்கும். டூப்பும் ஒட்டுத்தாடியும் திறமைக் குறைவு என்று சொல்லிவிடலாம். இது அப்படியல்ல.

கிம் டாய்-சுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் அவருக்குக் கொடுத்த பெயர் டாங் லங். ‘வே ஆஃப் தி டிராகன்’ படத்தில் லீ ஏற்ற பாத்திரத்தின் பெயர் அது. ஆக, அவருக்கு முகமும் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. 1981இல் வந்த இரண்டாம் பாகத்தில் பில்லி லோவின் தம்பியாக நடித்தார். 1986இல் ‘நோ ரிட்ரீட், நோ சரண்டர்’ படத்தில் அமெரிக்கப் பையன் ஒருவனுக்குச் சண்டை சொல்லித்தரும் புரூஸ் லீயின் ஆவியாக வந்தார். ஒரு திறமையான கலைஞனுக்கு வாய்த்தவை: டூப், தம்பி, ஆவி.

அவர் தனி ஆளும் அல்ல. தைவானின் ஸ்டண்ட் கலைஞர் ஹோ சுங்-டாவ் ‘புரூஸ் லி’ ஆனார். பர்மாவில் பிறந்த ஹுவாங் கின்-லங் ‘புரூஸ் லெ’ ஆனார். கொரியாவிலிருந்து ‘டிராகன் லீ’ வந்தார். போஸ்டரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கண்ணாடியும் தலைமுடியும் மூக்கைக் கட்டைவிரலால் துடைக்கும் பாவனையும் அப்படியே. 1977இல் வந்த ‘தி டிராகன் லிவ்ஸ் அகெய்ன்’ படத்தில் லீ பாதாள லோகம் போய் டிராகுலாவையும் ஜேம்ஸ் பாண்டையும் எதிர்கொள்கிறார், கூடவே கார்ட்டூன் மாலுமி பாப்பாயும் வருகிறார். ‘தி க்ளோன்ஸ் ஆஃப் புரூஸ் லீ’ படத்தில் இறந்தவரின் உடல் திசுவிலிருந்து விஞ்ஞானி ஒருவர் மூன்று லீக்களை உருவாக்குகிறார். புரூஸ் லெ, டிராகன் லீ உட்பட மூன்று போலிகள் ஒரே படத்தில். இவையெல்லாம் நையாண்டிக்காக எடுத்தவை அல்ல, டிக்கெட் விற்க எடுத்தவை.

இந்தச் சரித்திரத்தை நன்றாக அறிந்த ஒருவர் நையாண்டி எழுத உட்கார்ந்தால் அவருக்கு வரும் முதல் சிக்கல், மிகைப்படுத்த இடமே இல்லை என்பது. ஜஸ்டின் லின்னும் உடன் எழுதிய ஜோஷ் டயமண்டும் அதைச் சமாளித்த விதம் எனக்குப் பிடிக்கும். முடிந்த படத்தைத் தொடவே இல்லை. அதற்கு முந்தைய கட்டமான ஆடிஷனுக்குப் போய்விட்டார்கள். அங்கே கேள்வி மாறுகிறது. யார் வந்தால் லீ போல இருக்கும் என்று தயாரிப்பாளர்கள் யோசிக்கிறார்கள். இந்த ஒரு வேடத்துக்கு ஏன் ஊரிலுள்ள ஆசிய நடிகர்கள் எல்லோரும் வரவேண்டியிருக்கிறது என்று நமக்குத் தோன்ற ஆரம்பிக்கிறது. வேறு வேடம் கிடையாது என்பதுதான் பதில். லீயே ‘தி கிரீன் ஹார்னெட்’ தொடரில் காரோட்டியாக 26 எபிசோடுகள் முகமூடியோடு நின்றவர். 1972இல் ‘குங் ஃபூ’ தொடருக்குச் சீனத் துறவியாக அமெரிக்கத் தொலைக்காட்சி தேர்ந்தெடுத்தது டேவிட் கேரடைன் என்ற வெள்ளைக்கார நடிகரை.

ரோஜர் ஃபேன் நடித்த ப்ரீஸ் லூ என்ற பாத்திரம் மேலே சொன்ன போலிகளின் நேர் வாரிசு. லீயைக் காப்பியடித்தே நட்சத்திரமானவன், ஆனால் தன்னை அவரோடு ஒப்பிட்டால் கோபம் வரும். தான் நடிகன், சண்டைக்காரன் அல்ல என்பான். சங் காங்கின் கோல் கிம் வெள்ளந்தி ரசிகன். அவனுக்கு லீ மேல் இருப்பது உண்மையான பக்தி, கையில் தொழில் கிடையாது. மெக்கேலப் பர்னெட் நடித்த டாரிக் டைலர் பார்ப்பதற்கு முழு வெள்ளைக்காரன். பாதிச் சீனன் என்று சொல்லிக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக இன உரிமை பேசுகிறான். கேரடைன் விவகாரத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பாத்திரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும்.

படத்தின் உயிர் டஸ்டின் நுயென் நடித்த டிராய் பூன். ஒரு காலத்தில் டிவி போலீஸ் தொடரில் ஜேம்ஸ் ஃபிராங்கோ நடிக்கும் வெள்ளைக் கூட்டாளியோடு வலம் வந்தவன். தொடர் முடிந்தபின் அழைப்பு இல்லை, வீடு வீடாக வேக்யூம் க்ளீனர் விற்கிறான். நுயென் நிஜத்திலும் ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ என்ற போலீஸ் தொடரில் நடித்துப் பெயர் வாங்கியவர் என்பதால், டிராய் பேசும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அவன் கண்ணில் கசப்பைக் காட்டாமல், வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே பதவிசோடு தேர்வாளர்களிடமும் பேசுகிறான். இவ்வளவு அடக்கமான நடிப்பைக் கேலிப் படத்தில் எதிர்பார்க்க மாட்டோம்.

இப்படிப் போலி ஆவணப்படம் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. படத்துக்குள் வரும் ‘பழைய’ துண்டுகள், ப்ரீஸ் லூவின் படக் காட்சிகள், டிராயின் தொடர், எல்லாம் எழுபதுகளில் எடுத்தவை என்று கண் நம்ப வேண்டும். அதற்கு முகத்தை நோக்கித் திடீரென்று பாயும் ஜூம், நிழல் விழாத தட்டையான வெளிச்சம், உதட்டசைவுக்குச் சற்றுத் தாமதமாக வரும் டப்பிங், எந்த அடிக்கும் ஒரே ‘பட்டார்’ ஒலி என நிறைய இருக்கின்றன. வண்ணத்திலும் விஷயம் உண்டு. அக்கால வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும், மிச்சம் சிவந்துபோகும். அதனால் பழசாக்க வேண்டும் என்று மஞ்சள் பூசினால் பொய் தெரிந்துவிடும், கருஞ்சிவப்புப் பக்கம் சாய்க்க வேண்டும். நடிகர்களைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: தன் பாத்திரம் வேடிக்கையானவன் என்று நடிகனுக்குத் தெரியவே கூடாது. ஒருவர் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தால் கட்டிடம் சரிந்துவிடும். லின்னின் குழுவில் முக்கால்வாசிப் பேர் இதைக் காப்பாற்றுகிறார்கள்.

குறைகள் இருக்கின்றன. பாத்திரங்கள் அதிகம், அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு நல்ல காட்சி கிடைத்து மூன்றாவதில் அதே நகைச்சுவை திரும்ப வருகிறது. பிரபலங்கள் எட்டிப்பார்க்கும் சில இடங்கள் கதைக்கு எதுவும் சேர்ப்பதில்லை. யாரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள் என்ற பதற்றத்தைக் கட்டி எழுப்பாமல் விட்டதால் கடைசிப் பகுதி தொய்கிறது. தயாரிப்பாளர்களை இன்னும் கடுமையாகச் சாடியிருக்கலாம். இறுதிச் சடங்கையே விற்ற ஒரு தொழிலைப் பற்றிய படம், அதை இவ்வளவு இதமாக விட்டிருக்க வேண்டியதில்லை.

ஹாங்காங்கே இந்தப் போலிகளைக் கேலி செய்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. ‘கேம் ஆஃப் டெத்’ வந்த அதே 1978இல் சம்மோ ஹங் ‘எண்டர் தி ஃபேட் டிராகன்’ எடுத்தார். பன்றி வளர்க்கும் குண்டு ரசிகன் ஒருவன் நகரத்துக்கு வந்து, துணை நடிகனாகப் போன படப்பிடிப்பில் லீ வேஷம் போட்டு அலட்டும் ஒருவனை அடித்து நொறுக்குகிறான். ஒட்டுத்தாடி வைத்த டூப்களுக்குச் சண்டை அமைத்துக் கொடுத்த அதே கை. அந்தக் காட்சிகளில் சம்மோ லீயின் அசைவைச் செய்து காட்டும் துல்லியம், எந்தப் போலியிடமும் நான் பார்க்காதது. உருவம் துளியும் பொருந்தாத அந்த உடம்பில் தாளம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதே ஆண்டில்தான் ஜாக்கி சானும் கிளம்பினார். 1976இல் ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யில் இயக்குநர் லோ வெய் அவரை அடுத்த லீயாக்கப் பார்த்துத் தோற்றிருந்தார். ‘டிரங்கன் மாஸ்டர்’ படத்தில் அடிவாங்கி அலறி, தடுமாறி, லீ செய்யாத எல்லாவற்றையும் செய்த பிறகே ஜாக்கி நட்சத்திரமானார்.

லின்னின் படம் ஹாலிவுட்டில் சங் காங் போன்றவர்களுக்கு என்ன செய்தது என்றால், நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ தொடரின் ‘டோக்கியோ டிரிஃப்ட்’டில் ஹான் என்ற வேடத்தை லின் அவருக்குக் கொடுத்துவிட்டார். சண்டை போடாத, கெஞ்சாத, எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும் ஆசிய நாயகன். அந்தப் பாத்திரம் செத்தும் ரசிகர்கள் விடாததால் அடுத்தடுத்த பாகங்களில் தொடர்ந்து வந்தான்.

அதே கார்ப் படத் தொடரில் லின் விலகிய பின் ஏழாவது பாகம் நடந்துகொண்டிருந்தபோது, 2013 நவம்பரில் அதன் நாயகர்களில் ஒருவரான பால் வாக்கர் விபத்தில் இறந்தார். மீதியை முடிக்க அவருடைய தம்பிகள் கேலப், கோடி இருவரும் உடலாக நின்றார்கள், வெட்டா டிஜிட்டல் நிறுவனம் முகத்தை வரைந்து பொருத்தியது. சுமார் 350 ஷாட்கள். கணக்கெடுப்பு, பார்வைக் கோடு, ஒளியின் திசை எல்லாம் 1978இல் செய்த அதே வேலைதான். அட்டை முகத்துக்குப் பதில் அசையும் முகம். இடையில் ‘தி க்ரோ’வை முடிக்க பிராண்டனுக்கு டூப்பாக நின்றவர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி. பிராண்டனோடு பழகியவர், டான் இனோசான்டோவின் பள்ளியில் பயின்றவர். நண்பனின் உடல்மொழியை அறிந்தவர் நின்றதால்தான் அந்தப் படத்தில் ஒட்டு அவ்வளவாகத் தெரிவதில்லை. 1978இன் டூப்களுக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவில்லை.

லீ எழுதிவைத்திருந்த தொடர் யோசனையை அடிப்படையாகக் கொண்டு 2019இல் ‘வாரியர்’ என்ற தொடர் வந்தது. தயாரிப்பாளர்களில் லீயின் மகள் ஷானனோடு ஜஸ்டின் லின்னும் ஒருவர். அதில் யாரும் லீயாக நடிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு சான்ஃபிரான்சிஸ்கோவின் சீனக் குடியிருப்பில் ஒரு டஜன் ஆசிய நடிகர்களுக்கு முழு வேடங்கள் இருந்தன.

இவற்றைப் பார்க்க நினைப்பவர்கள் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 2000இல் ஜான் லிட்டில் எடுத்த ‘எ வாரியர்ஸ் ஜர்னி’ ஆவணப்படம்; லீயின் குறிப்புகளின்படி கோர்த்த சண்டைகள் அரை மணி நேரத்துக்கு மேல் அதில் இருக்கின்றன, துணைவர்கள் இருவரும் உண்டு. அடுத்து 1978 படம். உடை மாற்றும் அறைக் காட்சியையும் கடைசி 20 நிமிடத்தையும் பார்த்தால் போதும். இறுதிச் சடங்கு வரும் இடத்தைத் தாண்டிவிடலாம். பிறகு சம்மோவின் ‘ஃபேட் டிராகன்’. இவை மூன்றும் மனதில் இருக்கும்போது ‘ஃபினிஷிங் தி கேம்’ போடுங்கள். டிராய் பூன் கதவைத் தட்டும் காட்சிகளில் அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள்.